படகின் அடியை மினுக்கினால் வேகம் கூடுமா?

மோதரைக்காரன்:
எங்கள் 18 அடி ஃபைபர் போட்டைக் கரையேற்றி அடியைச் சுரண்டிவிட்டோம். வாக்ஸ் பூசிக் கண்ணாடி மாதிரி மினுக்கினால் தண்ணீர் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும் என்று மாமா ஒற்றைக்காலில் நிற்கிறார். செலவழிக்கலாமா?

உப்புக்காற்று:
தம்பி, காசை மிச்சம் பிடியுங்கள். வாக்ஸ் பூசினாலும் பூசாவிட்டாலும் அடியைத் தொடும் தண்ணீர் போட்டோடு சேர்ந்தேதான் நகரும், உராய்வெல்லாம் அதை ஒட்டிச் சுழலும் மெல்லிய படலத்தில்தான், சொரசொரப்பு அந்தப் படலத்துக்குள் துருத்தாத அளவு சின்னதாக இருந்தால் அதற்கு மேல் மினுக்கிப் பயனில்லை. 400 நம்பர் வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேய்த்தால் போதும். அப்புறம், வாக்ஸ் மேல் பாசித்தடுப்புப் பெயின்ட் பிடிக்காது, அதையும் மாமாவிடம் சொல்லுங்கள்.

வத்தளை ராஜா:
போட் தண்ணீரிலேயே கிடக்குமா? அப்படியானால் கவலை வேறு. வழவழவென்ற பாசிப்படலமே வேகத்தைத் தின்னும், கொட்டலசு (அடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சின்ன உயிரி) ஒட்டினால் பெட்ரோல் செலவில் தெரியும். புரொப்பெல்லரையும் சுரண்டுங்கள்.

கலங்கரை:
எப்போதும் வழுவழுப்புத்தான் வெல்லும் என்றும் இல்லை. 1987 அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் பந்தயத்தை வென்ற 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்' படகின் அடியில், சுறாத்தோல் போல நுண்ணிய வரிப்பள்ளங்கள் உள்ள படலம் ஒட்டியிருந்தார்கள். இப்போது பாய்மரப் பந்தய விதிகள் அதைத் தடுக்கின்றன. மீன்பிடிக்கு அதெல்லாம் வீண் வேலை.

மோதரைக்காரன்:
சரி அண்ணை, தண்ணீரில்தான் கிடக்கும். 400ஐத் தேய்த்துவிட்டுப் பெயின்ட் அடிக்கிறோம்.