ஆன்லைன் பாட்டு நடுவில் அறுந்துபோகிறது, வழி சொல்லுங்கள்

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் வீடு. 74 வயது அப்பாவுக்குக் காலையில் நாதஸ்வரம் கேட்டாக வேண்டும். பழைய ரேடியோ நின்றுபோனதால் மூன்று வாரமாக ஆண்ட்ராய்டு போனில் ஆன்லைனில் எடுத்து, ப்ளூடூத் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுக்கிறேன். ராகம் ஏறி வரும் நேரத்தில் சத்தம் பட்டென்று அறுந்து, இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் வருகிறது. அப்பா ஒன்றும் சொல்வதில்லை. தாளம் போடும் விரல் மட்டும் தொடை மேலேயே நின்றுவிடுகிறது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

இணைய வேகம் காரணமில்லை. 20 எம்பிபிஎஸ் வருகிறது. நல்ல தரத்தில் பாட்டு கேட்க 320 கேபிபிஎஸ், அதாவது 0.32 எம்பிபிஎஸ் போதும். ஆப் மாற்றினேன், தரத்தைக் குறைத்தேன், போனை ரீசெட் கூடச் செய்தேன். டவுன்லோட் செய்த பாட்டை வைஃபையை அணைத்துவிட்டுப் போட்டால் ஒரு தடங்கலும் இல்லை. மொபைல் டேட்டா என்றால் வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான். சரி என்று ப்ளூடூத்தை விட்டு, போனையும் ஸ்பீக்கரையும் நேராக இணைக்கும் ஆக்ஸ் வயர் போட்டேன். அறுபடவில்லை, ஆனால் போனில் சார்ஜர் சொருகியதும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல். சார்ஜர் இல்லாமல் அந்தப் போன் ஒரு மணி நேரம் தாங்காது.

ரூட்டர் ஹாலில் இருக்கிறது, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். ப்ளூடூத்தும் அதே அலைவரிசை என்பதால் இரண்டும் மோதுகிறதோ என்று சந்தேகம். அப்பா அறைக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒன்றரை அடி கல் சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் அதைத் தாண்டுமா தெரியவில்லை.

ஞாயிறு சேலம் இறங்குகிறேன். 5 கிகாஹெர்ட்ஸ் ரூட்டர் வாங்கலாமா, அல்லது ஆக்ஸ் வயரில் இரைச்சலைத் தடுக்கும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் போதுமா?