புதுப்பிப்பு: சூடேறினால் நிண்டுபோற மொறிஸ் மைனர் – பிழை கொண்டன்சரில

1098 சிசி மைனர் கார் சூடேறினதும் நிண்டுபோகுது, ஆறினாப்பிறகுதான் ஸ்ராட் ஆகுது எண்டு கேட்டிருந்தன். யோசனை சொன்ன எல்லாருக்கும் கனக்க நன்றி.

கூடின பேர் பெற்றோல் பம்பைத்தான் சொன்னியள். குழாயைக் கழட்டிப்போட்டு சுவிச்சைப் போட, பம்ப் டக்டக்கெண்டு அடிச்சு பெற்றோல் நல்லாத்தான் வந்துது. கொண்டன்சரைப் (ஸ்பார்க் பலமா வரவும் பொயின்ற் கருகாமல் இருக்கவும் உதவுற சின்னப் பாகம்) பாருங்கோ எண்ட அண்ணை சொன்னதுதான் சரி. நிண்ட கையோட பார்த்தால் ஸ்பார்க் மஞ்சளா, மெலிஞ்சுபோய். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரிச்சு விடுற டிஸ்ரிபியூட்டரின்ர மூடிக்குள்ள, மின்சாரத்தைத் துண்டிச்சு ஸ்பார்க் வரப்பண்ணுற பொயின்ற் கருகிக்கிடந்துது. கொண்டன்சர், பொயின்ற் இரண்டையும் மாத்தி, பொயின்ற் இடைவெளியை 0.38 மில்லிமீற்றர் வைச்சன்.

எதிர்பாராதது என்னெண்டால், கடையில வாங்கின புதுக் கொண்டன்சர் சாவகச்சேரி தாண்ட முன்னமே செத்துப்போச்சு! கராஜில பழைய காரொண்டில கழட்டி வைச்சிருந்ததைப் போட்டுத்தான் கிளிநொச்சி மட்டும் மத்தியான வெயிலுக்க ஓடினது. எங்கயும் நிக்கேல்லை. பெற்றோலையும் காத்தையும் கலக்கிற காபரேற்றரில கையே வைக்கேல்லை.