லேப்பிடரி மெஷின்: மெருகூட்டுப் பொறியா, கல்சாணையா?

மடல் 1

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

வீட்டிலேயே கல் தீட்டும் இயந்திரம் செய்துகொள்வோருக்கான கையேட்டின் வரைவு முடிந்திருக்கிறது. 'லேப்பிடரி மெஷின்' என்பதற்கு 'மெருகூட்டுப் பொறி' என்றும் 'கிரிட்' (தேய்க்கும் துகளின் பருமனைக் காட்டும் எண்) என்பதற்கு 'சல்லடை எண்' என்றும் போட்டிருக்கிறேன். 'ப்ரீ-பாலிஷ்' (கடைசி மெருகுக்கு முந்தைய படி), 'டாப் ஸ்டிக்' (தீட்டும்போது பிடித்துக்கொள்ள, கல்லை அரக்கால் முனையில் ஒட்டும் குச்சி) இரண்டுக்கும் பொருத்தமான சொல் வேண்டும்.

பொறியின் அமைப்பு இது: அரை எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார், நிமிடத்துக்கு 1440 சுற்று, ஏ-வகை வி-பெல்ட், 25 மி.மீ. தண்டு, தண்டைத் தாங்க இரண்டு பிளம்மர் பிளாக்குகள் (பேரிங் பொருத்திய தாங்கிகள்). 6 அங்குல வைரச் சக்கரங்கள் ஆறு. 80, 220 இரண்டும் கெட்டிச் சக்கரம். 280, 600, 1200, 3000 நான்கும் மெத்தென்ற ரெசின் சக்கரம். தண்டின் முனையில் கடைசி மெருகுக்குத் தோல் ஒட்டிய தட்டு. நினைவில் வைத்திருப்பது அகேட், ஜாஸ்பர் போன்ற குவார்ட்ஸ் இனக் கற்களை. மோஸ் கடின அளவில் 7 அருகே இருப்பவை.

மடல் 2 (திருச்சியிலிருந்து)

> லேப்பிடரி மெஷின் = மெருகூட்டுப் பொறி

இது ஒத்துவராது. ஆறு சக்கரமும் தட்டும் இருக்கிற பொறியில் மெருகு ஏறுவது கடைசித் தட்டில் மட்டும். 80 கல்லை அறுத்து உருவம் கொண்டுவருகிறது, 220 அந்த உருவத்தைச் சீர்செய்கிறது, 280-ம் 600-ம் முந்தைய சக்கரம் போட்ட கீறலை எடுக்கின்றன. பொறிக்கே மெருகு என்று பெயர் வைத்தால், படிக்கிறவர் 80-இல் இரண்டு நிமிடம், 220-இல் ஒரு நிமிடம் என்று ஓட்டிவிட்டு 3000-க்குப் போய் நிற்பார். அங்கே ஒரு கீறல் தெரியும். இன்னும் அழுத்துவார். கல் சூடாகும், அரக்கு இளகும், ரெசின் சக்கரத்தில் பள்ளம் விழும், கீறல் மட்டும் அப்படியே இருக்கும். அது 80 போட்ட கீறல். 220-க்குத் திரும்பிப் போனால்தான் போகும்.

கீறல் இருக்கிறதா என்று ஈரத்தில் பார்க்கவே கூடாது. தண்ணீர் கீறலை நிரப்பி மறைத்துவிடும். ஒவ்வொரு சக்கரம் மாறும்போதும் கல்லைத் துணியால் ஒற்றி, காயவிட்டு, பல்பு வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். இதைச் சொல்லாத கையேட்டில் வேறு எது இருந்தும் பயனில்லை.

ஆகவே என் முன்மொழிவு 'கல்சாணை'. கத்திக்குச் சாணை பிடிக்கிறவர் தெருவில் வருகிறார், சொல் எல்லோருக்கும் தெரியும். குருந்தப் பொடியை அரக்கோடு குழைத்து வார்த்த பழைய தீட்டுச் சக்கரமும் சாணைதான். 'பொறி' என்ற வால்கூடத் தேவையில்லை.

வேலையின் படிகளுக்கு: 80-ம் 220-ம் உருப்பிடித்தல், 280-ம் 600-ம் கீறல் எடுத்தல், 1200-ம் 3000-ம் முன்மெருகு, தோல் தட்டு மெருகு. 'ப்ரீ-பாலிஷ்' கேட்டீர்களே, 'முன்மெருகு' போதும்.

சொல்லை மட்டும் கேட்டிருக்கிறீர்கள், ஆனாலும் தண்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வெளியிலிருந்து வரும் 6 அங்குல வைரச் சக்கரத்தின் நடுத்துளை பெரும்பாலும் ஓர் அங்குலம், அதாவது 25.4 மி.மீ. உங்கள் தண்டு 25. இந்த 0.4 மி.மீ. இடைவெளியில் சக்கரம் மையத்திலிருந்து 0.2 மி.மீ. வரை விலகி உட்காரும். 1440 சுற்றில் விநாடிக்கு 24 முறை கல்லை இடிக்கும். கையில் தடதடப்பு தெரியும், கல்லின் வளைவில் சின்னச் சின்னத் தட்டை முகங்கள் விழும். ரெசின் சக்கரமானால் ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து, பிறகு எதைச் செய்தாலும் சீராக ஓடாது. யூ.சி.பி. 205 என்ற பிளம்மர் பிளாக் 25 மி.மீ. துளை; 205-16 என்று கேட்டு வாங்கினால் ஓர் அங்குலத் துளை. தண்டையும் ஓர் அங்குலத்துக்கே கடைந்துகொள்ளுங்கள். ஏற்கெனவே 25 வாங்கியாயிற்றென்றால் 0.2 மி.மீ. பித்தளைத் தகட்டை ஒரு சுற்றுச் சுற்றிச் சக்கரத்தை ஏற்றலாம்.

இரண்டு பக்கமும் மரை வைத்து இறுக்குவதானால், பொறிக்கு எதிரே நீங்கள் நிற்கிறபோது உங்கள் இடக்கைப் பக்கத்து முனைக்கு இடது மரை (வழக்கத்துக்கு எதிர்ப்புறம் திருப்பினால் இறுகுவது) போட வேண்டும். சக்கரத்தின் முன்முகம் கீழ்நோக்கி ஓடும் பொறியில் அங்கே வலது மரை போட்டால் ஓட ஓட நட் கழன்றுவிடும்.

மடல் 3 (இலங்கை, பேருவளையிலிருந்து)

வணக்கம். 'கல்சாணை' எனக்கும் சம்மதம். எங்கள் பக்கம் வில்லுக்கயிறு இழுத்து ஓட்டிய நிமிர்ந்த தட்டுக்கும் இது பொருந்தும், மோட்டார் வைத்ததற்கும் பொருந்தும். கிடையாகச் சுழலும் தட்டு வைத்த பொறியைத் தட்டுச்சாணை என்று பிரித்துச் சொல்லலாம்.

> கிரிட் = சல்லடை எண்

இதை ஏற்பது கடினம். 80 என்றால் ஓர் அங்குலத்தில் 80 கண் உள்ள சல்லடை, கண் அளவு சுமார் 0.18 மி.மீ. அதுவரை சரி. உப்புத்தாளின் பி-வரிசையில் 220 வரைதான் சல்லடை. 240-இலிருந்து பொடியை நீரில் படியவிட்டு, படியும் வேகத்தை வைத்துத் தரம் பிரிக்கிறார்கள். 3000-க்குச் சல்லடையே இல்லாதபோது சல்லடை எண் என்று எப்படி எழுதுவது?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. தாளில் பி 600 என்றால் துகள் சுமார் 26 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தூளாக விற்கும் சிலிக்கன் கார்பைடில் எஃப் 600 என்றால் சுமார் 9 மைக்ரான். ஒருவர் எஃப் 600 தூளில் தேய்த்து முடித்துவிட்டு, எண் கூடுகிறது என்று நம்பி பி 1000 தாளுக்குப் போனால், 18 மைக்ரான் துகளால் மறுபடி கீறுகிறார். முன்னேறுவதாக நினைத்துக்கொண்டு பின்னால் போகிறார்.

'துகள் எண்' என்று வைத்து, எண்ணுக்குப் பக்கத்தில் வரிசையின் எழுத்தையும் மைக்ரானையும் கட்டாயம் எழுதுவோம். குழுவில் முன்பு ஒருவர் 'பரல்' சொன்னார். சிலம்புக்குள் இருக்கும் பரலை 3000-க்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மெருகிடுதலுக்குப் பழைய 'மண்ணுதல்' இருக்கிறதே என்றும் கேட்டிருந்தார்கள். நல்ல சொல்தான். ஆனால் சக்கரத்துக்கடியில் சேறு சேர்கிற பொறியைப் பற்றிய கையேட்டில் 'கல்லை மண்ணவும்' என்று போட்டால் இன்றைக்குப் படிக்கிறவர் என்ன செய்வாரோ.

மடல் 4

இருவருக்கும் நன்றி ஐயா. கல்சாணை, தட்டுச்சாணை, துகள் எண், முன்மெருகு நான்கையும் எடுத்துக்கொள்கிறேன். தண்டை ஓர் அங்குலமாக மாற்றிவிட்டேன். 6 அங்குலச் சக்கரத்துக்கு 1440 சுற்று போதுமா என்பதையும், நீர் ஏற்பாட்டையும் சொல்லுங்கள். இப்போது ஒரே தொட்டி, மீன்தொட்டி பம்ப், எல்லாச் சக்கரத்துக்கும் அதே நீர்.

மடல் 5 (திருச்சியிலிருந்து)

1440-இல் 6 அங்குலச் சக்கரத்தின் விளிம்பு விநாடிக்கு 11.5 மீட்டர் ஓடும். வேலை நடக்கும், கொஞ்சம் மெதுவாக. மோட்டாரில் 3 அங்குலப் புல்லி, தண்டில் இரண்டரை அங்குலப் புல்லி போட்டால் ஏறக்குறைய 1730 சுற்று, 13.8 மீட்டர். 8 அங்குலச் சக்கரமானால் சம புல்லியே போதும், 15 மீட்டருக்கு மேல் வந்துவிடும்.

நீரைச் சுற்றிவிடுவதை உடனே நிறுத்துங்கள். 80-இலிருந்து கழன்ற ஒரு துகள் பம்ப் வழியாக 3000-க்குப் போனால் அந்த ரெசினில் பதிந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு அந்தச் சக்கரம் தொடுகிற ஒவ்வொரு கல்லிலும் கோடு போடும். இதற்கும் ஒரு சொல் வேண்டும், 'துகள் கலப்பு' என்று எழுதலாம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் தனி நீர்த்தட்டு, மேலே தனிச் சொட்டு. மருந்துக்கடையில் விற்கும் சலைன் செட்டில் அளவு கூட்டிக் குறைக்கிற உருளை இருக்கிறது, அதுவே நல்ல குழாய். சக்கரத்தின் முகம் முழுதும் நனைந்திருக்க வேண்டும். கல்லின் மேல்விளிம்பில் மெல்லிய நீர்க்கோடு எப்போதும் நிற்க வேண்டும். அது மறைந்தால் கல் காய்கிறது என்று பொருள். சக்கரம் மாறும்போது கையையும் கல்லையும் கழுவுவதும் இதே கணக்கில் சேரும்.

உலர்ந்து தீட்டவே கூடாது. இந்தக் கற்களின் தூசி சிலிக்கா. குஜராத்தில் காம்பாத் அகேட் தொழிலாளர்களுக்கு நுரையீரல் போனது இந்தத் தூசியால்தான். தண்ணீர் சிதறும் இடத்தில் மின்சாரம் இருப்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.-யும் (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) எர்த்தும் இல்லாமல் சுவிட்சைத் தொடக் கூடாது. மோட்டார் சக்கரங்களின் மட்டத்துக்குப் பின்னால், தகட்டு மறைப்புக்கு அப்பால் இருக்கட்டும்.

வைரத்துக்குப் பதில் மலிவான சிலிக்கன் கார்பைடு சக்கரம் போடுகிறவர்களுக்காக ஒரு வரி சேருங்கள். அது நீரை உறிஞ்சும். ஈரத்தோடு நிறுத்தி வைத்தால் நீர் அடிப்பக்கம் இறங்கி ஒரு பக்கம் கனத்துவிடும். மறுநாள் போட்டவுடன் பொறியே ஆடும், சக்கரம் உடைந்து தெறிக்கவும் கூடும். சொட்டை மூடிவிட்டு இரண்டு நிமிடம் வெறுமனே ஓடவிட்ட பிறகுதான் நிறுத்த வேண்டும்.

மெருகுத் தட்டில் சீரியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடியைத் தண்ணீரில் பால் பதத்துக்குக் கரைத்துத் தடவுங்கள். குவார்ட்ஸ் இனத்துக்கு அதுதான். தோல் சொதசொதவென்று இருக்கும்போது எதுவும் நடக்காது. ஈரம் வற்றத் தொடங்கி, தோல் கல்லைப் பிடித்து இழுக்கிற அந்தச் சில விநாடியில்தான் மெருகு ஏறும். அதைத் தாண்டினால் சூடு ஏறும், ஓபல் போன்ற கல் வெடித்துவிடும்.

மடல் 6 (பேருவளையிலிருந்து)

'டாப் ஸ்டிக்' விட்டுப்போயிற்று. 'ஒட்டுகோல்' என்று ஒருவர் தனிமடலில் அனுப்பியிருந்தார். ஆனால் சூப்பர் குளூவில் ஒட்டுவதும் ஒட்டுதான். அரக்கில் பிடிப்பது வேறு வேலை, அதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'அரக்குக்கோல்' என்று வைப்போம். சூப்பர் குளூவில் ஒட்டியதற்கு 'பசைக்கோல்'.

செய்முறையில் இதையும் எழுதுங்கள்: அரக்கை மட்டும் சூடாக்கினால் போதாது, கல்லும் சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த கல்லில் அரக்கு மேலோடு உறைந்து நிற்கும். 80-இல் வைத்த மறுநொடி கல் பறந்துவிடும். கல்லை ஒரு தகட்டில் வைத்து மெல்ல 65, 70 டிகிரிக்குக் கொண்டுவந்து, அரக்கு கல்லின்மேல் பரவி ஒட்டுவதைப் பார்த்த பிறகு கோலை நிமிர்த்தி ஆறவிட வேண்டும். கழற்றும்போது கோலோடு கொஞ்ச நேரம் ஃப்ரீசரில் வைத்தால் அரக்கு இறுகித் தானாக விடும். வெப்பம் தாங்காத கல்லுக்கு இரண்டும் வேண்டாம், பசைக்கோலே போதும்.