புதுப்பிப்பு: மலைப்பாதையில் குடும்பத்தோடு கூடாரப் பயணம்

கோடை விடுமுறையில் இரண்டு குழந்தைகளோடு காரில் மலையேறிக் கூடாரத்தில் தங்கப் போகிறோம், மெல்லிய போர்வைகள் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போதவே போதாது என்று சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை நம்பிக் கனமான உறக்கப்பைகளை எடுத்துப் போனோம்.

அப்படியும் முதல் இரவில் தவறு செய்தேன். ஓடைச் சத்தம் கேட்கட்டும் என்று பள்ளத்தில் கூடாரம் அடித்தேன். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில்தான் தேங்கும். போதாக்குறைக்குக் குளிருக்குப் பயந்து காற்றுத் திறப்புகளையும் மூடிவிட்டேன். நால்வரின் மூச்சு ஈரமும் துணியில் படிந்து, விடியற்காலையில் முகத்தில் சொட்டியது. சின்னவள் நடுங்கியபடி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த நடுக்கம் இன்னும் என் கைகளில் இருக்கிறது.

மறுநாள் சற்று மேடான இடம், திறப்புகள் திறந்தே இருந்தன, உறக்கப்பைகளுக்கு அடியில் தடித்த பாய்கள். தரைதான் உடற்சூட்டை அதிகம் உறிஞ்சுகிறது என்பது அன்றுதான் புரிந்தது. எல்லோரும் அயர்ந்து தூங்கினோம்.

இறக்கத்தில் நீங்கள் சொன்னபடியே இரண்டாம் கியரில் மெல்ல வந்தேன்; பிரேக் சூடாகவில்லை. வளைவுகளில் பெரியவனுக்குத்தான் குமட்டல். முன்னிருக்கைக்கு மாற்றி, தொலைவைப் பார்க்கச் சொன்னதும் தணிந்தது.

கூடாரத்தை இன்று மாடியில் காயப் போட்டிருக்கிறேன். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும்.