டீசல் காம்பாக்ட் எஸ்யூவி: மைலேஜ் ஏன் இப்படிக் கையைக் கடிக்கிறது?

கேள்வி:
மைலேஜுக்காகவே டீசல் எடுத்தேன். லிட்டருக்கு 18 கிலோமீட்டராவது எதிர்பார்த்தேன். டேங்க் நிரம்ப அடித்துக் கணக்குப் போட்டால் 13-ஐத் தாண்டவில்லை, டிஸ்ப்ளே மட்டும் 15 என்கிறது. பெரும்பாலும் நகருக்குள் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டம்தான். சில நாள் வண்டியை அணைத்த பிறகும் ஃபேன் வேகமாகச் சுற்றுகிறது, ஒரு கருகல் நெடி வேறு. சர்வீஸில் "எல்லாம் நார்மல்" என்று அனுப்பிவிட்டார்கள். மனசு ஆறவில்லை.

பதில் 1:
அந்த ஃபேனும் நெடியும்தான் துப்பு. டிபிஎஃப்பில் (புகையிலுள்ள கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி) சேரும் கரியை எரிக்க, இன்ஜின் கூடுதல் டீசலைச் செலுத்தி அங்கே வெப்பத்தை 600 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏற்றும். நடுவில் அணைத்தால் வேலை அரைகுறையாக நிற்கும், அப்புறம் மறுபடி முயலும். குறைந்த தூர ஓட்டத்தில் இதுவே திரும்பத் திரும்ப நடக்கும். எரியாத டீசல் இன்ஜின் ஆயிலிலும் இறங்கும், எனக்குக் கவலை அதுதான். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். அளவு மேல் குறியைத் தாண்டியிருந்தால் உடனே ஆயிலை மாற்றுங்கள்.

பதில் 2:
டயர் காற்றையும் வண்டி குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் கூலன்ட் வால்வு) திறந்தபடியே சிக்கியிருந்தாலும் இன்ஜின் சரியாகச் சூடேறாது, டீசல் குடிக்கும்.

கேள்வி கேட்டவர்:
பார்த்தேன். ஆயில் மேல் குறிக்கு மேலேதான் நிற்கிறது, டீசல் வாடையும் அடிக்கிறது. நாளைக்கே மாற்றுகிறேன். ஃபேன் ஓடும்போது அணைக்காமல், நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் ஓட்டினால் போதுமா?

பதில் 1:
பெரும்பாலும் போதும். சீரான வேகம், தாழ்ந்த கியர்.