ரக்பி விதித் தேர்வு: ஆடியவனுக்கே 20க்கு 12தான்!

கோத்தகிரி ஹூக்கர்:
வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருக்கிறேன். கல்லூரி ரக்பி அணியில் மூன்று வருடம் ஹூக்கராக (முன்வரிசையில் நடுவில் நிற்பவன்) ஆடியவன், 2012இல் விட்டாச்சு. அடுத்த மாதம் பிள்ளைகளுக்கு ஒரு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி) ஆட்டம் வைக்கிறோம், விசில் என் வாயில். சரி, மறந்ததைத் தூசு தட்டலாம் என்று ரக்பியின் உலக அமைப்பான வேர்ல்ட் ரக்பி தளத்தில் இலவசமாக இருக்கும் விதித் தேர்வைத் திறந்தேன். 20 கேள்வியில் 12தான் சரி. வர்க்கியை டீயில் நனைத்தபடி தெனாவெட்டாக உட்கார்ந்தவன், டீ ஆறியதுகூடத் தெரியாமல் முழித்தேன்.

கோல் கம்பத்தின் அடியில் சுற்றியிருக்கும் மெத்தையில் பந்தை அழுத்தினால் ட்ரை (எதிரணிக் கோல் கோட்டிலோ அதற்கு அப்பாலோ பந்தைத் தரையில் அழுத்திப் புள்ளி எடுப்பது) என்று போட்டேன், தப்பாம். நான் அப்படியே ஒரு ட்ரை போட்டிருக்கிறேன் ஐயா! கோல் கோட்டைத் தாண்டிப் போயும் தரையில் வைக்க விடாமல் எதிரணி தாங்கிப் பிடித்துவிட்டால் 5 மீட்டர் ஸ்க்ரம் (கோட்டுக்கு 5 மீட்டர் முன்னால் இரு அணியும் தோள்கோத்துத் தள்ளி ஆட்டத்தைத் தொடர்வது) என்றேன், அதுவும் தப்பு. இன்னொன்றுதான் இன்னும் ஜீரணமாகவில்லை: டச்லைனுக்கு (பக்கவாட்டுக் கோடு) வெளியே நிற்கிறவன் கையை நீட்டி, இன்-கோலில் (கோல் கோட்டுக்குப் பின்னால் உள்ள பகுதி) கிடக்கும் பந்தை அழுத்தினால் ட்ரையாமே?

திரும்பத் திரும்ப எழுதினால் மார்க் ஏறுகிறது. ஆனால் விதியா மனதில் நிற்கிறது, 'இரண்டாவது விடை' என்பதுதான் நிற்கிறது. நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள்?

குன்னூர் கொடிக்காரர்:
மாஸ்டர், உங்கள் ட்ரை செல்லும், கவலைப்படாதீர்கள். கம்ப மெத்தை விதியை 2020 மே மாதம்தான் மாற்றினார்கள். அந்த இடத்தைத் தடுப்பணி முறைப்படி காப்பது முடியாத காரியமாகிவிட்டது. தாங்கிப் பிடித்தால் கோல்-லைன் டிராப்-அவுட் (தடுப்பணி தன் கோல் கோட்டிலிருந்து உதைத்துத் தொடங்குவது) என்பது 2021இல் சோதனையாக வந்து நிலைத்தது.

அந்தக் கையை நீட்டுகிறவன் விஷயம்: ஆள் எங்கே நிற்கிறான் என்பதை மட்டும் பார்க்காதீர்கள், பந்து அவன் பிடியில் இருக்கிறதா என்று பாருங்கள். பிடித்துக்கொண்டு கோட்டை மிதித்தால் டச், அதாவது பந்து வெளியே போனதாகக் கணக்கு. தரையில் கிடப்பதை மேலே இருந்து அழுத்துகிறவன் பந்தைப் பிடிக்கவில்லையே.

நான் விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் படிப்பேன். பதிலை வாய்விட்டுச் சொல்லி, கையால் சைகையும் காட்டிய பிறகுதான் விடையைப் பார்ப்பேன். மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில், 14 கொண்டை ஊசி வளைவுக்குள் பத்து கேள்வி முடியும். ஒருமுறை நான் பெனால்டிக்குக் கை தூக்க, கண்டக்டர் விசில் அடித்து வண்டியை நிறுத்திவிட்டார்.

ஊட்டி ஸ்க்ரம்-ஹாஃப்:
தம்பி, நீ எழுதியது 15 பேர் ஆட்டத்துத் தேர்வு. ஊதப்போவது செவன்ஸ். விதிப்புத்தகத்தின் கடைசியில் செவன்ஸுக்கென்று தனி மாற்றங்கள் இருக்கின்றன, அதை எடு முதலில். புள்ளி எடுத்த அணியேதான் மறுபடி உதைத்துத் தொடங்கும். கன்வர்ஷன் (ட்ரைக்குப் பின் கூடுதல் புள்ளிக்கான உதை) டிராப்-கிக்கில்தான், பந்தைத் தரையில் விட்டு அது எழும்போது உதைக்க வேண்டும். ஸ்க்ரமுக்கு மூன்று பேர். மஞ்சள் அட்டைக்கு 2 நிமிடம், 7 நிமிடப் பாதியில் அதுவே பெரிய தண்டனை. 15 பேர் ஆட்டத்துப் பழக்கத்தில் பையனைப் பத்து நிமிடம் உட்கார வைத்துவிடாதே.

அப்புறம், இந்தத் தேர்வெல்லாம் அட்வாண்டேஜ் (தவறு நடந்தாலும் எதிரணிக்கு லாபமென்றால் விசில் அடிக்காமல் ஆட்டத்தை ஓடவிடுவது) சொல்லித்தராது. ஸ்னூக்கருக்கு 1882இல் இதே ஊட்டியில் விதி எழுதினார்கள், அங்கே பந்து நீ யோசித்து முடிக்கும்வரை அசையாது. இங்கே அப்படியா? தேர்வில் நிறைய மார்க் வாங்கிய திமிரில் ஒருமுறை களம் இறங்கினேன். கையில் பட்டுப் பந்து நழுவியதும் நாக்-ஆன் (பந்தைக் கையால் முன்னே தட்டிவிடும் தவறு) என்று ஊதிவிட்டேன். "பந்து பின்னாலதானே சார் போச்சு" என்றான் ஒரு பொடியன். சரியாகத்தான் சொன்னான். எதிரில் யாருமே இல்லை, ஓடியிருந்தால் ட்ரை. அன்று முதல் ஒரு மூச்சு விட்டுத்தான் விசிலை வாயில் வைக்கிறேன்.

கோத்தகிரி ஹூக்கர்:
செவன்ஸ் பக்கத்தை நான் திறக்கவே இல்லை அண்ணா. உதைத்துத் தொடங்குவதைக் கண்டிப்பாகத் தலைகீழாகச் செய்திருப்பேன், நன்றி. கொடிக்காரர் சொன்னபடி விடையை மறைத்து எழுதினேன், 20க்கு 9. இறங்கியிருக்கிறது, ஆனால் இந்த ஒன்பதும் எனக்குத் தெரிந்த ஒன்பது.

இன்று மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டோம். நாலு மணிக்கு மழை பிடித்து டச்லைனைப் பாதி கரைத்துவிட்டது, மீதியை மூடுபனி மூடிவிட்டது. கோடு தெரியாத மைதானத்தில் எது டச் என்று அந்தத் தேர்வில் ஒரு கேள்விகூட இல்லை. கொடிக்காரரே, ஆட்டத்தன்று டச்லைனில் கொடி பிடிக்கக் கொஞ்சம் இங்கே வர முடியுமா?