டி500 + 200-500 வைத்திருப்பவர் 180-600-க்கு மாறலாமா?

நீர்க்காகம்:
கையில் இருப்பது நிக்கான் டி500 கேமரா, அதோடு 200-500 மி.மீ. எஃப்/5.6 லென்ஸ். வேடந்தாங்கல், பள்ளிக்கரணை, அவ்வப்போது முதுமலை, இதுதான் புழங்கும் இடம். தூரத்து மரத்தில் உட்காரும் பறவைக்கு 500 எட்டவில்லை. படத்தை வெட்டிப் பெரிதாக்கினால் இறகெல்லாம் குழைந்துபோகிறது. 200-500-ஐ விற்றுவிட்டு, கொஞ்சம் பணம் சேர்த்து புது 180-600 எஃப்/5.6-6.3 வாங்கலாமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கரிச்சான்:
வாங்குறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். 180-600 இசட் மவுண்ட் லென்ஸ் (மவுண்ட்னா லென்ஸை கேமராவுல மாட்டுற வாய்; உங்களோடது பழைய எஃப் மவுண்ட்). உங்க டி500-ல மாட்டவே மாட்டாது. எஃப் மவுண்ட்ல மவுண்டுக்கும் சென்சாருக்கும் இடைவெளி 46.5 மி.மீ., இசட்ல 16 மி.மீ. பழைய லென்ஸைப் புது பாடியில போட நடுவுல இருக்கிற 30.5 மி.மீ. இடத்தை எஃப்டிஇசட் அடாப்டர் நிரப்பிடும். புது லென்ஸைப் பழைய பாடியில போட எந்த அடாப்டராலும் வழி கிடையாது. அதனால நீங்க கேட்கிறது லென்ஸ் செலவு மட்டும் இல்ல. பாடி, மெமரி கார்டு, பேட்டரி எல்லாம் சேர்ந்த செலவு.

இரண்டாவது, இறகு குழையுதுன்னா அதுக்கு 500 பத்தலைங்கிறதுதான் காரணம்னு எப்படி முடிவு பண்ணீங்க? கெட்டுப்போன படங்களை நிக்கானோட என்எக்ஸ் ஸ்டூடியோ மென்பொருள்ல திறந்து, ஃபோகஸ் புள்ளியைக் காட்டச் சொல்லி 100 சதவீதத்தில பாருங்க. புள்ளி பறவை மேல இருந்தும் முன்னாடியோ பின்னாடியோ இருக்கிற இலை கூர்மையா இருந்தா ஃபோகஸ் தள்ளிப்போயிருக்கு. எல்லாமே ஒரே திசையில இழுத்த மாதிரி இருந்தா ஷட்டர் வேகம் பத்தல. அடுத்தடுத்து எடுத்த பத்து படத்துல ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமா நெளிஞ்சிருந்தா அது கானல். இது மூணுமே இல்லாம, படம் சுத்தமா இருந்தும் விவரம் குறைவுன்னா மட்டும்தான் 600 உதவும்.

மரகதப்புறா:
கரிச்சான் சொல்லும் சோதனையைச் செய்யட்டும், நல்லதுதான். ஆனால் 600-இன் பலனைக் குறைத்துப் பேசக்கூடாது. கணக்கைப் பாருங்கள். 15 மீட்டர் தூரத்தில் 15 செ.மீ. நீளமுள்ள பறவை. 500-இல் சென்சார் மீது விழும் பிம்பம் 5 மி.மீ. டி500-இன் பிக்சல் அளவுக்கு அது ஏறக்குறைய 1185 பிக்சல். அதே சென்சாரில் 600 போட்டால் 6 மி.மீ., 1420 பிக்சல். நீளத்தில் 20 சதவீதம்தான், ஆனால் பறவையின் மேல் விழும் மொத்த பிக்சல் 44 சதவீதம் கூடுகிறது. இறகின் இழை தெரிவதும் தெரியாததும் அந்த 44-இல்தான் இருக்கிறது.

எஃப்/6.3 (இந்த எண் கூடினால் சென்சாருக்கு வரும் ஒளி குறையும்) என்றதும் இருட்டு என்று பலர் ஒதுங்குகிறார்கள். 500-ஐ 5.6-ஆல் வகுத்தால் 89 மி.மீ. 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95 மி.மீ. ஒளி நுழையும் வாய் 180-600-இல்தான் அகலம். இரண்டு படத்தையும் பறவை ஒரே அளவில் தெரியும்படி வெட்டினால், 600-இல் எடுத்ததில் பறவைக்குக் கிடைத்த ஒளி 13 சதவீதத்துக்கு மேல் அதிகம். ஐஎஸ்ஓ எண் 3200-இலிருந்து 4000-க்குப் போனாலும் இறுதிப் படத்தில் நாய்ஸ் (புள்ளி புள்ளியான இரைச்சல்) அதிகமாகாது.

கரிச்சான்:
அந்த ஒளிக்கணக்கு வெட்ட வேண்டிய படத்துக்குத்தான் பொருந்தும். விலங்கு ஃபிரேமை நிறைக்கிற தூரத்துல இருந்தா 5.6-க்கு மூணில் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா ஒளி இரண்டு மடங்கு) லாபம் முழுசா கிடைக்கும். முதுமலையில காலை முதல் சவாரி வெளிச்சத்துல அது சின்ன விஷயம் இல்ல.

அப்புறம், உங்க கணக்கையே திருப்பிப் போடுங்க. 15 மீட்டர்ல 600 தர்றதை 12.5 மீட்டர்ல 500 தந்துடும். இரண்டரை மீட்டர்தான் வித்தியாசம்.

மரகதப்புறா:
எந்த இரண்டரை மீட்டர்? வேடந்தாங்கலில் கரையை விட்டு இறங்க முடியாது. முதுமலையில் வண்டியை விட்டே இறங்கக்கூடாது, ஓட்டுநர் நிறுத்தும் இடம்தான் உங்கள் இடம். தூரம் அதிகமாக இருந்தால் நீங்கள் சொல்லும் இடைவெளியும் கூடும். 60 மீட்டரில் இருக்கும் கூழைக்கடாவுக்கு 10 மீட்டர் முன்னால் போக வேண்டும், அங்கே தண்ணீர்தான் இருக்கிறது. கூடு கட்டியிருக்கும் பறவையிடம் நெருங்கு என்று சொல்வதை இங்கே யாரும் ஏற்கக்கூடாது. எட்டாத குறையை லென்ஸால்தான் தீர்க்க வேண்டும், காலால் அல்ல.

தேன்சிட்டு:
டி500-ஐ மாற்றாமலே 600 வேண்டுமென்றால் சிக்மா 150-600 கன்டெம்பரரி இருக்கிறதே? எஃப் மவுண்டிலேயே கிடைக்கும், 1930 கிராம்தான். டாம்ரான் 150-600 ஜி2-வும் உண்டு. யாரும் அதைப் பேசவில்லையே.

வரையாடு:
பேசாததற்குக் காரணம் உண்டு. அந்த வகை ஜூம்கள் 600 முனையில் எஃப்/6.3-இல் கொஞ்சம் மென்மை. எஃப்/8-க்கு மூடினால்தான் தெளிவு வரும். அப்போது 200-500-ஐ விட ஒரு ஸ்டாப் போய்விடுகிறது. நல்ல 200-500 பிரதி 500-இல் 5.6-இலேயே பயன்படும். பிறகு என்றாவது இசட் பாடிக்குப் போனால், எஃப்டிஇசட்டில் வெளி நிறுவன லென்ஸ்களுக்கு ஃபர்ம்வேர் பதிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிக்கான் ஏஎஃப்-எஸ் லென்ஸுக்கு அந்தத் தலைவலி இல்லை.

1.4 டெலிகன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டி எட்டும் தூரத்தை 1.4 மடங்காக்கும் துண்டு) யோசனையையும் இப்போதே தள்ளிவிடுகிறேன். 200-500-இல் போட்டால் 700 எஃப்/8. டி500-இன் 153 ஃபோகஸ் புள்ளிகளில் எஃப்/8-இல் வேலை செய்வது 15 மட்டும். பறக்கும் பறவையை அதில் பிடிப்பது பெரும்பாடு. இசட் பாடியில் 180-600-உடன் 840 எஃப்/9 ஆகும். ஃபோகஸ் பிடிக்கும், ஆனால் வெயில் நன்றாக இருக்க வேண்டும்.

என் பரிந்துரை வேறு: பழைய 500 எஃப்/5.6 பிஎஃப், ஜூம் இல்லாத எடை குறைந்த லென்ஸ். 1460 கிராம். 200-500 காலரோடு (லென்ஸை டிரைபாடில் மாட்டும் வளையம்) 2300. டி500-இல் நேராக மாட்டலாம், எஃப்டிஇசட்டிலும் வேலை செய்யும். ஃபோகஸ் வேகம் 200-500-ஐ விட நன்றாகவே அதிகம், திறந்த துவாரத்திலேயே கூர்மை. கையில் பிடித்து எடுப்பவருக்கு, மணிக்கணக்கில் தூக்கி நிற்க முடிகிற லென்ஸ்தான் நல்ல லென்ஸ்.

மரகதப்புறா:
அது ஜூம் இல்லையே! யானை வந்தால்? 3 மீட்டர் உயர யானை 40 மீட்டரில் நின்றால் 500-இல் பிம்பம் 37.5 மி.மீ. டி500 சென்சாரின் உயரம் 15.7 மி.மீ. யானையின் கண்ணும் தந்தமும்தான் படம். 180-இல் 13.5 மி.மீ., முழு யானையும் அடங்கும். காட்டுச் சவாரியில் லென்ஸ் மாற்ற நேரமும் இல்லை, தூசியில் மாற்றவும் கூடாது. தவிர 500 பிஎஃப் வாங்கினால் எட்டும் தூரம் ஒரு மி.மீ. கூட அதிகமாகாது. நீர்க்காகம் கேட்டதே அதைத்தான்.

வரையாடு:
சவாரிக்கு இரண்டாவது பாடியில் 70-300 போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரே பாடி என்றால் நீங்கள் சொல்வது சரி, ஜூம்தான் வேண்டும்.

நீர்க்காகம்:
கரிச்சான் சொன்னபடி பார்த்தேன். கெட்ட படங்களில் பாதிக்கு மேல் ஃபோகஸ் பறவைக்குப் பின்னால் போயிருக்கிறது. உட்கார்ந்திருக்கும் பறவையிலும் அப்படித்தான். காலை பத்து மணிக்கு மேல் பள்ளிக்கரணையில் எடுத்தவை நெளிந்திருக்கின்றன.

கரிச்சான்:
பத்து மணிக்கு மேல எடுத்ததை ஒதுக்கிடுங்க. சதுப்புநிலத்து மேலயும் கோடியக்கரை உப்பளத்து மேலயும் வெயில் ஏறினா காத்து கொதிக்கும். 600 போட்டா நெளிவும் 20 சதவீதம் பெருசாத் தெரியும், அவ்வளவுதான். எந்த லென்ஸும் அதைத் தீர்க்காது.

பின்னாடி போற ஃபோகஸுக்கு டி500-லயே மருந்து இருக்கு. ஏஎஃப் ஃபைன் ட்யூன், அதாவது ஃபோகஸ் முன்பின் தள்ளிப்போறதைத் திருத்துற அமைப்பு. செய்யிற முறை:

டிரைபாட்ல மாட்டி, லென்ஸோட அதிர்வுத் தடுப்பை (விஆர்) அணைச்சிடுங்க. முன்னாடி யூவி ஃபில்டர் போட்டிருந்தா கழட்டுங்க. மட்டமான 95 மி.மீ. ஃபில்டரே படத்தைக் குழைக்கும். 500-ல, எஃப்/5.6-ல வையுங்க. 15 மீட்டர் தள்ளி, பெரிய எழுத்துள்ள தட்டையான அட்டை, கேமராவுக்கு நேரெதிரா, நல்ல வெளிச்சத்துல இருக்கணும். லைவ் வியூ போட்டு, ஏஎஃப்-எஸ் ஃபோகஸ் மோடு, நடு ஃபோகஸ் புள்ளி. பெருசாக்கிப் பார்த்து ஃபோகஸ் பண்ணுங்க. கேமராவைத் தொடாம, ஏஎஃப் மோடு பட்டனையும் வீடியோ ரெக்கார்ட் பட்டனையும் சேர்த்து இரண்டு வினாடிக்கு மேல அழுத்திப் பிடிங்க. கேள்வி கேட்கும், ஆம்னு கொடுங்க. அதுவே ஒரு எண்ணைப் பதிஞ்சுக்கும்.

ஒரு தடவையோட விட்டுடாதீங்க. ஃபோகஸைக் கலைச்சுட்டு ஐந்து முறை செய்ங்க. +6, +8, +7, +13, +7 மாதிரி வந்தா நடு எண்ணை, அதாவது 7-ஐக் கையால போடுங்க. ஒவ்வொரு தடவையும் எண் தாறுமாறா குதிச்சா வெளிச்சமோ டிரைபாடோ சரியில்ல. +20, -20 ஓரத்துக்குப் போய் நின்னா லென்ஸ் சர்வீஸுக்குப் போகணும். டி500 ஒரு லென்ஸுக்கு ஒரே எண்ணைத்தான் வெச்சுக்கும்; 200 முனைக்கு வேற எண் தேவைப்பட்டாலும் 500-க்கு உள்ளதையே வையுங்க, நீங்க புழங்குறது அங்கதான்.

மரகதப்புறா:
கரிச்சான் இப்போது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறார். இத்தனை பாடும் டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் சென்சார் தனியாக இருப்பதால் வருவது. இசட் போன்ற மிரர்லெஸ் (கண்ணாடி இல்லாத) கேமராவில் படம் பிடிக்கும் சென்சாரே ஃபோகஸ் பார்ப்பதால் இந்தப் பிழை பெரும்பாலும் எழாது. அதற்கு மேல் பறவையின் கண்ணையே தேடிப் பிடிக்கிறது. கிளைகளுக்கு நடுவே உட்கார்ந்த பறவைக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

வரையாடு:
அப்படியானால் முதலில் வாங்க வேண்டியது பாடி, லென்ஸ் இல்லை. 200-500-ஐ எஃப்டிஇசட்-2 வழியாக இசட் பாடியில் போட்டாலும் அதே கண் அடையாளம் வேலை செய்யும். லென்ஸ் மோட்டார் மெதுவானது என்ற குறை மட்டும் அப்படியே இருக்கும். நேராகப் பாய்ந்து வரும் பறவையில் அது தெரியும்.

எந்த பாடி என்பதில் கவனம் வேண்டும். இசட்50-2 (2024) டி500-ஐப் போலவே 20.9 மெகாபிக்சல் டிஎக்ஸ் (சிறிய சென்சார் அளவு), பறவைக்குத் தனி அடையாள முறை உண்டு. ஆனால் பாடிக்குள் அதிர்வுத் தடுப்பு இல்லை, ஒரே எஸ்டி கார்டுதான், பஃபர் (தொடர்ந்து எடுக்கும் படங்களைத் தற்காலிகமாகத் தாங்கும் இடம்) டி500 போல ஆழமில்லை. பேட்டரி, டி500 தரும் 1240 படத்தில் கால்பங்கைக் கூடத் தொடாது. குறைந்தது மூன்று பேட்டரி வேண்டும். எலக்ட்ரானிக் ஷட்டரில் வேகமாகப் பறக்கும் பறவையின் சிறகு வளைந்து விழும், மெக்கானிக்கலிலேயே வையுங்கள். இசட்8-இல் அந்தத் தொல்லை மிகக் குறைவு, 45.7 மெகாபிக்சலை டிஎக்ஸுக்கு வெட்டினால் 19 மெகாபிக்சல் சொச்சம், டி500-க்கு ஏறக்குறைய சமம். பறவை அடையாளம் தனியாக வேண்டுமென்றால் ஃபர்ம்வேர் 2.00 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும்.

மரகதப்புறா:
பாடி வாங்கிய பிறகும் 200-500-ஐ வைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. எஃப் மவுண்ட் லென்ஸின் மறுவிற்பனை விலை வருடம் போகப் போக இறங்கத்தான் செய்யும். 180-600 ஜூம் செய்தால் நீளாது. நீளமும் எடைமையமும் ஏறக்குறைய மாறாது, கிம்பலில் (கனமான லென்ஸைச் சமநிலையில் தாங்கும் டிரைபாட் தலை) ஒரு முறை சமன்செய்தால் போதும். 200-500 நீளும்போது காற்றையும் தூசியையும் உள்ளே இழுக்கிறது, ஜூம் வளையத்தையும் ஏகத்துக்குத் திருப்ப வேண்டியிருக்கிறது. 180-இலிருந்து 600-க்கு 70 டிகிரி திருப்பினால் போதும். மான் ஓடத் தொடங்கும் நொடியில் இது முக்கியம்.

கரிச்சான்:
அதெல்லாம் நல்ல குணம்தான், மறுக்கல. ஆனா காலரோட 2140 கிராம்; 200-500-ஐ விட வெறும் 160 கிராம்தான் குறைவு. எடை குறையும்னு யாரும் மாறாதீங்க. காலர் அடியும் ஆர்க்கா-ஸ்விஸ் (பல டிரைபாட் தலைகள்ல நேரா மாட்டுற) வடிவம் இல்ல, தனித் தகடு வாங்கணும். பழைய லென்ஸை விக்கிறதுன்னா நீர்க்காகம் முதல்ல அதைத் திருத்தி, புது பாடியில ஒரு சீசன் போட்டுப் பார்த்துட்டு விக்கட்டும். அப்பவும் 500 எட்டலன்னா நானே வாங்குங்கன்னு சொல்றேன்.

மரகதப்புறா:
ஒரு சீசன் காத்திருப்பதன் விலையையும் கணக்கில் சேருங்கள் என்பதுதான் என் நிலை. இதில் நாம் ஒத்துப்போகப்போவதில்லை.

நீர்க்காகம்:
எல்லோருக்கும் நன்றி. முதலில் ஃபைன் ட்யூன். பிறகு இசட்50-2, எஃப்டிஇசட்-2. 180-600 அடுத்த வருடம் பார்க்கலாம். அடாப்டரில் இவ்வளவு கனமான லென்ஸ் தொங்குவது ஆபத்து இல்லையா?

வரையாடு:
தொங்கவிட்டால் ஆபத்துதான். எஃப்டிஇசட்-2-இல் டிரைபாட் கால் கிடையாது. டிரைபாடோ மோனோபாடோ, எப்போதும் லென்ஸ் காலரில்தான் மாட்ட வேண்டும். தோளில் மாட்டும் வாரையும் காலரில் கோர்க்க வேண்டும், கேமரா வளையத்தில் அல்ல. நடக்கும்போது லென்ஸை 200-இல் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கனத்தில் தானே நீண்டுவிடும்.

இசட் பாடியில் போட்ட பிறகு, டி500-க்காகப் பதிந்த ஃபைன் ட்யூன் எண்ணை அங்கே எடுத்துப் போடாதீர்கள். அது டி500-இன் பிழைக்கான எண். சுழியில் வைத்து அதே அட்டையை 15 மீட்டரில் பத்து படம் எடுங்கள். பத்தில் குறைந்தது எட்டு படம் கூர்மையாக வராவிட்டால், இரண்டு பக்கத்துத் தொடுமுனைகளையும் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.